மூணு நாட்டு ஃபேக்டரி சர்வே டேட்டாவ பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடலாமா?

சிதறல்_வரைபடம் எழுதியது:

வணக்கம் மக்களே. பிஎச்டி பண்ணிட்டு இருக்கேன், டாபிக் என்னன்னா ஒரே தொழில்ல இருக்குற ரெண்டு ஃபேக்டரிக்கு நடுவுல உற்பத்தித்திறன் ஏன் இவ்ளோ வித்தியாசப்படுது, அந்த வித்தியாசம் நாட்டுக்கு நாடு எப்படி மாறுதுங்கறது தான். இந்தியாவோட ஏஎஸ்ஐ (வருஷாந்திர ஃபேக்டரி சர்வே), இந்தோனேசியாவோட வருஷாந்திர இண்டஸ்ட்ரி சர்வே, சிலியோட எனியா (அங்க நடக்குற வருஷாந்திர இண்டஸ்ட்ரி சர்வே), இந்த மூணையும் வச்சு பண்ணலாம்னு இருக்கேன். கைடு கிட்ட கேட்டா "ரொம்ப அதிகமா இருக்குற மேல ஒரு சதவீத ரெக்கார்டு, ரொம்ப கம்மியா இருக்குற கீழ ஒரு சதவீத ரெக்கார்டு ரெண்டையும் வெட்டிட்டு கணக்க ஓட்டு, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னு முடிச்சிட்டாரு. எனக்கு தான் மனசு ஒப்பல.

பிரச்சனை என்னன்னா, இந்தியாவுல கரண்ட் யூஸ் பண்ற ஃபேக்டரின்னா 10 பேர்ல இருந்து, கரண்ட் இல்லன்னா 20 பேர்ல இருந்து எடுக்குறாங்க, இந்தோனேசியாவுல 20ல இருந்து, சிலில 10ல இருந்து. அப்போ அதுக்கு கீழ இருக்குற சின்ன யூனிட் எல்லாம் எங்க போச்சு, அது இல்லாம நாட்டோட உற்பத்தித் துறைன்னு எப்படி சொல்றது? அடுத்தது, ஒரு ஃபேக்டரி ஒரு வருஷம் இருக்கு, அடுத்த வருஷம் காணோம், அப்புறம் திரும்ப வந்து நிக்குது, இத மூடிட்டு திறந்ததா எடுத்துக்கறதா? அப்புறம் மதிப்புக்கூட்டல் (உற்பத்தி மதிப்புல இருந்து மூலப்பொருள் மாதிரி செலவ கழிச்சது) மைனஸ்ல போற ரெக்கார்ட் நிறைய இருக்கு. இன்னொரு டேட்டாவுல (எதுன்னு சொல்லல, சண்டை வரும்) ஒரே தொழில்ல இருக்குற ஏகப்பட்ட ஃபேக்டரிக்கு மூலப்பொருள் செலவையும் விற்பனையையும் வகுத்தா தசமம் நாலு இடம் வரைக்கும் அச்சு அசலா ஒரே நம்பர் வருது, இது எப்படி சாத்தியம்?

இந்த மாதிரி டேட்டாவ கலெக்ட் பண்ற இடத்துல வேலை பார்த்தவங்க, இல்ல இதை வச்சு பேப்பர் போட்டவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. சர்வே கையேடு எல்லாம் படிச்சிட்டேன், கையேட்டுல எல்லாமே ஒழுங்கா தான் இருக்கு.

---

படிவக்காரர் எழுதியது:

கையேட்டுல எல்லாமே ஒழுங்கா இருக்கும்மா, அதுக்கு தானே கையேடு 🙂 நான் கலெக்‌ஷன் சைடுல இருந்து ரிடையர் ஆனவன், எந்த ஆபீஸ்னு வேண்டாம்.

நீ கேட்ட முதல் கேள்வி தான் எல்லாத்துக்கும் வேர். சர்வேன்னா ஊர் ஊரா போய் புகை எங்க வருதுன்னு பாத்து உள்ள நுழையறது இல்ல, கையில ஒரு லிஸ்ட் இருக்கும், அந்த லிஸ்ட்ல பேர் இருந்தா தான் நீ உலகத்துல இருக்க. அந்த லிஸ்ட் எங்க இருந்து வருதுங்கறத பொறுத்து தான் நாட்டோட உற்பத்தித் துறையே எப்படி தெரியும்ங்கறது. இந்தியாவுல 1948 ஃபேக்டரி சட்டத்துக்கு (2025 வரைக்கும் அமல்ல இருந்தது) கீழ பதிவு பண்ணினவங்களோட லிஸ்ட், அத வச்சிருக்கறது மாநிலங்கள்ல இருக்குற தலைமை ஃபேக்டரி ஆய்வாளர் ஆபீஸ், அவங்க வேலை தொழிலாளர் பாதுகாப்பு, புள்ளிவிவரம் இல்ல. பிரிட்டன்ல வாட் வரி பதிவும் சம்பளத்துல வரி பிடிக்கிற பதிவும் சேர்ந்து ஒரே பிசினஸ் ரெஜிஸ்டரா இருக்கு. அமெரிக்காவுலயும் வரி ரெக்கார்டு தான் அடித்தளம். வரி லிஸ்ட் அடிக்கடி புதுசாகும், ஏன்னா காசு வர்ற லிஸ்ட். ஆய்வாளர் லிஸ்ட் அப்படி இல்ல, மூடி பல வருஷம் ஆன யூனிட் பேரு அதுலயே கிடக்கும், புதுசா வந்தது சேர லேட் ஆகும். பதிவு பண்ணா தொழிலாளர் சட்டம் எல்லாம் பின்னாடியே வரும்னு 10 பேருக்கு மேல போயும் பதிவே பண்ணாம இருக்கறவங்களும் உண்டு, அவங்க உன் டேட்டாவுல எங்கயுமே கிடையாது.

ஏன் 10, ஏன் 20ன்னா காசு தான் காரணம். பெரிய யூனிட் எண்ணிக்கைல கொஞ்சம், ஆனா மொத்த உற்பத்தில பெரும்பங்கு அதுங்க கிட்ட தான் இருக்கு, அதனால அதுங்கள முழுசா பிடிச்சிட்டா நாட்டு வருமான கணக்கு போடுறவங்களுக்கு போதும். வேலைவாய்ப்பு பத்தி படிக்கறவங்களுக்கு தான் அடி. இந்தியாவுல அந்த சின்ன யூனிட்டுங்களுக்கு தனி சர்வே இருந்துச்சு, 1994-95, 2000-01, 2005-06, 2010-11, 2015-16ன்னு அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணு வரும், 2021-22ல இருந்து வருஷா வருஷம் நடக்குது. அந்த சர்வே கம்பெனியா பதிவு ஆகாத நிறுவனங்களுக்கு மட்டும். அப்போ பாரு, கம்பெனி சட்டத்துல பதிவு பண்ணிட்டு, ஆனா 8 பேர் மட்டும் வச்சு நடத்துற ஒரு யூனிட் எதுல வரும்? ஃபேக்டரி லிஸ்ட்ல வராது, அந்தப் பக்க சர்வேலயும் வராது, நடுவுல விழுந்துடும். ரெண்டையும் கூட்டிட்டா முழு உற்பத்தித் துறைன்னு பேப்பர் எழுதறவங்க இத கவனிக்கறதே இல்ல.

காணாம போய் திரும்ப வர்ற ஃபேக்டரிக்கு வர்றேன். இதுல மூணு நாலு கதை இருக்கு. ஒண்ணு, நிஜமாவே மூடி திறந்தது, இது ரொம்ப கம்மி. இன்னொண்ணு, 21 பேர் இருந்துச்சு, ரெண்டு பேர் போனாங்க, 19 ஆச்சு, 20ங்கற கோட்டுக்கு கீழ போயிடுச்சு, அடுத்த வருஷம் நாலு பேர சேர்த்தாங்க, திரும்ப வந்துச்சு. அந்த யூனிட்ல ஒரு நாள் கூட மெஷின் நிக்கல, ஆனா உன் டேட்டாவுல அது செத்து பொழைச்சிருக்கும். மூணாவது, சாம்பிள்ல விழல. ஏஎஸ்ஐல பெரிய யூனிட்டுங்கள மட்டும் தான் வருஷா வருஷம் முழுசா எடுக்குறது, சின்னதுங்கள சாம்பிளா தான் எடுப்பாங்க, அந்தக் கோடு எங்க இருக்குங்கறதே காலத்துக்கு காலம் மாறியிருக்கு. நாலாவது, போனோம், பதில் தரல.

இந்தோனேசியா எடுத்துக்கிட்டா இன்னொரு கூத்து இருக்கு. அங்க 2006ல ஃபேக்டரி எண்ணிக்கை திடீர்னு எகிறும். அந்த ஒரு வருஷத்துல அவ்வளவும் பொறந்துடல, அந்த வருஷம் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ நடக்குற பொருளாதார கணக்கெடுப்பு நடந்துச்சு, வீதி வீதியா போனப்போ ஏற்கனவே இருந்து லிஸ்ட்ல இல்லாம போனது எல்லாம் மாட்டுச்சு. புது ஃபேக்டரியான்னு பாக்கணும்னா டேட்டாவுல முதல்ல வந்த வருஷத்த நம்பாத, உற்பத்தி ஆரம்பிச்ச வருஷம்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்கும் பாரு, அத எடு.

---

குறுக்குக்கேள்வி எழுதியது:

இவ்ளோ தலைவலி எதுக்கு? கம்பெனிகளோட பேலன்ஸ் ஷீட்ட சேர்த்து வச்ச டேட்டாபேஸ் எத்தனையோ இருக்கு, ஆடிட் பண்ணின நம்பர், வருஷா வருஷம் ஒழுங்கா இருக்கும், அத எடுத்து ஓட்டிட்டு போக வேண்டியது தானே.

---

எச்சம்_டிஎஃப்பி எழுதியது:

ஆடிட் ஆனது கம்பெனி, ஃபேக்டரி இல்ல. ஒரே கம்பெனி சிமெண்டும் பண்ணும், துணியும் பண்ணும், வட்டிக்கும் விடும், எல்லாம் ஒரே பேலன்ஸ் ஷீட்ல வரும். கேள்வியே ஃபேக்டரி லெவல்ல இருக்குறப்போ அத வச்சு என்ன பண்றது. தவிர அதுல நிறைய இடத்துல ஆள் எண்ணிக்கையே இருக்காது, சம்பளச் செலவு மட்டும் தான் இருக்கும். பெரிய கம்பெனிங்க மட்டும் தான் நல்லா பதிவாகியிருக்கும்ங்கறது வேற. கடன், முதலீடு பத்தின ஆராய்ச்சின்னா ஓகே, அங்க அது தான் சரியான டேட்டா.

சிதறல்_வரைபடம், உங்க தசமம் நாலு இடம் மேட்டர் ரொம்ப முக்கியமானது, நீங்களா கண்டுபிடிச்சீங்கன்னா சபாஷ். அது வேற ஒண்ணும் இல்ல, இம்ப்யூட்டேஷன். படிவத்துல மூலப்பொருள் செலவு கட்டத்த ஒருத்தர் காலியா விட்டுட்டாருன்னா, புள்ளிவிவர ஆபீஸ் அந்த தொழிலோட சராசரி விகிதத்த எடுத்து அவர் விற்பனையோட பெருக்கி அந்த கட்டத்த நிரப்பிடும். அவங்க நோக்கம் நாட்டு மொத்தம் சரியா வரணும்ங்கறது, அதுக்கு இது நல்ல வழி தான், சராசரில நிரப்பினா மொத்தம் பெருசா கெடாது. ஆனா நீங்க தேடுறது மொத்தத்த இல்ல, சிதறலை, அதாவது ஃபேக்டரிக்கு ஃபேக்டரி எவ்ளோ வித்தியாசம்ங்கறத. பேர்லயே வச்சிருக்கீங்க. சராசரில நிரப்பின ஒவ்வொரு ரெக்கார்டும் சிதறல நடுவுக்கு இழுக்கும், எல்லா ஃபேக்டரியும் ஒரே மாதிரி திறமையா இருக்குற மாதிரி ஒரு பொய்த் தோற்றம் வரும்.

இதுல அமெரிக்க டேட்டா தான் பெரிய பாடம். அங்க 2, 7ல முடியற வருஷங்கள்ல முழு கணக்கெடுப்பு, நடுவுல 1949ல இருந்து வருஷாந்திர சாம்பிள் சர்வே ஓடிச்சு, இப்போ அத வேற சர்வேக்களோட சேர்த்து ஒரே சர்வேயா ஆக்கிட்டாங்க. பல வருஷம் உலகத்துலயே சுத்தமான ஃபேக்டரி டேட்டா அது தான்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தோம். அதுல நாலு இலக்க தொழில் வகைக்குள்ள (நுணுக்கமா பிரிச்ச ஒரே தொழில்) பாத்தா, நூறு ஃபேக்டரிய திறன் வாரியா கீழ இருந்து மேல வரிசையா நிறுத்தினா 90வது இடத்துல இருக்குற ஃபேக்டரி 10வது இடத்துல இருக்குறத விட அதே உள்ளீட்டுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உற்பத்தி பண்ணுதுன்னு சொல்வாங்க. அப்புறம் 2009ல ஷியே, கிளெனோன்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க கணக்கெடுப்பு, ஏஎஸ்ஐ, சீனாவோட தொழில் நிறுவன சர்வே மூணையும் வச்சு, மூலதனமும் ஆளும் அமெரிக்கா அளவுக்கு சரியா பிரிஞ்சா சீனாவுல 30ல இருந்து 50 சதவீதம், இந்தியாவுல 40ல இருந்து 60 சதவீதம் உற்பத்தித்திறன் ஏறும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் இந்த ஃபீல்டே அந்த வழில ஓடிச்சு.

பின்னாடி வந்தவங்க என்ன கேட்டாங்கன்னா, அமெரிக்க நம்பர் கம்மியா இருக்கறது அங்க சந்தை நல்லா வேலை செய்யறதாலயா, இல்ல அங்க ஆபீஸ்ல உக்காந்து வந்த பதில்கள எடிட் பண்றவங்க (சரிபாத்து திருத்தறவங்க) நல்லா வேலை செய்யறதாலயான்னு. எடிட் பண்றதுக்கு முன்னாடி இருக்குற கச்சா பதில்கள எடுத்து அதே கணக்க போட்டுப் பாத்தா அமெரிக்காவுலயும் சிதறல் கண்டபடி பெருசா தெரியுது. நிரப்பின கட்டங்கள தூக்கிட்டு, சிதறல காப்பாத்துற மாதிரி வேற முறைல நிரப்பிப் பாத்தாலும் சிதறல் ஏறத்தான் செய்யுது. அப்போ ரெண்டு நாட்ட ஒப்பிடறோம்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு எடிட்டிங் ரூம தான் ஒப்பிட்டுட்டு இருக்கோமோங்கற சந்தேகம் நியாயமானது. இது தீர்ந்து போன விவாதம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

அதனால உங்க கைடு சொன்ன ஒரு சதவீத வெட்டு இருக்கே, அது மூணு நாட்டுக்கும் ஒரே மாதிரி வெட்டினாலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஏற்கனவே எடிட் ஆகி வந்த டேட்டாவுல அந்த ஒரு சதவீதம் நிஜமான நல்ல ஃபேக்டரிகள வெட்டும், எடிட் ஆகாம வந்த டேட்டாவுல ஒரு சதவீதம் வெட்டினாலும் குப்பை பாதி உள்ளயே இருக்கும். 0, 1, 2, 5ன்னு நாலு வெட்டுலயும் ரிசல்ட்ட போட்டுக் காட்டுங்க, எந்த நாடு எவ்ளோ ஆடுதுன்னு அதுலயே தெரியும். எந்த கட்டம் நிரப்பினது எது நிஜமா சொன்னதுன்னு கொடி போட்டு கொடுக்குற டேட்டா கிடைச்சா அது தங்கம், கிடைக்காதப்போ நீங்க பண்ணின மாதிரி ஒரே விகிதம் திரும்பத் திரும்ப வர்றத தேடறது தான் வழி.

---

பேரேடு எழுதியது:

நீங்க எல்லாரும் படிவத்த வாங்கினதுக்கு அப்புறம் பேசறீங்க, நான் படிவத்த நிரப்புற ஆளு. உற்பத்தி கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், ஆராய்ச்சியாளர்ன்னு ஒருத்தர் இருக்காருன்னே இந்த த்ரெட்ல தான் தெரியுது 😄

எப்படி நடக்கும்னா, லெட்டர் வரும், கடைசி தேதி போட்டிருக்கும், அது சரியா வரி கணக்கு தாக்கல் பண்ற சீசன்ல வந்து நிக்கும். படிவம் கேக்குற கேள்விக்கு பதில் ஒரே ஆள் கிட்ட இருக்காது. விற்பனை, கடன் என் கிட்ட இருக்கும், எத்தனை டன் எடுத்தோம்ங்கறது ஸ்டோர்ஸ் கிட்ட, ஆள் கணக்கு எச்ஆர் கிட்ட, கான்ட்ராக்ட் ஆள் எத்தனைங்கறது கான்ட்ராக்டர் கிட்ட, அவரு போன எடுக்க மாட்டாரு. எங்க புத்தகத்துல கான்ட்ராக்ட் ஆளுக்கு குடுக்குற காசு சம்பளம்ங்கற தலைப்புலயே வராது, லேபர் சார்ஜ்ன்னு வேற தலைப்புல, சில கம்பெனில இதர செலவுலயே போயிடும். படிவம் ஆள் எண்ணிக்கைய நேரடி ஆள், கான்ட்ராக்ட் ஆள்னு தனித்தனியா கேக்கும், நாங்க ஆள ஒரு பக்கம் காசு ஒரு பக்கம்னு போட்டுட்டா அப்புறம் நீங்க கூலிய ஆளால வகுத்து "இங்க கூலி ரொம்ப கம்மி"ன்னு எழுதுவீங்க.

மூலதனம் இன்னும் காமெடி. நாங்க குடுக்குறது புத்தக மதிப்பு, அதாவது வாங்கின விலைல இருந்து தேய்மானம் கழிச்சது. தேய்மானம் முழுசா கழிஞ்சு புத்தகத்துல மதிப்பே இல்லாத மெஷின் தான் எங்க லைன்ல முக்கால்வாசி சரக்க உருட்டுது. நேத்து வாங்கி இன்னும் பாக்கிங் பிரிக்காத மெஷின் புத்தகத்துல மலை மாதிரி நிக்கும். வாடகைக்கு எடுத்த கட்டிடம், லீசுக்கு எடுத்த மெஷின் எங்க புத்தகத்துல சொத்துல வரவே வராது, வாடகைல தான் வரும். இதுல இருந்து நீங்க எப்படி மூலதனம்னு ஒரு நம்பர் எடுக்கறீங்கன்னு எனக்கு நிஜமாவே புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மைனஸ் மதிப்புக்கூட்டல் பத்தி கேட்டிருந்தீங்க. எல்லாமே தப்பு கிடையாதுங்க. மூலப்பொருள் விலை தாறுமாறா ஏறின வருஷம், ஆர்டர் இல்லாம ஆள மட்டும் வச்சு ஓட்டின வருஷம், புது பிளான்ட் ட்ரையல் ஓடின வருஷம், இதுல எல்லாம் நிஜமாவே மைனஸ் வரும். அதே மாதிரி வருஷக் கடைசில சரக்கு நிறைய தேங்கி நின்னு, அந்த ஸ்டாக் ஏத்தத்த உற்பத்தில சேர்க்காம விற்பனைய மட்டும் எடுத்தீங்கன்னாலும் மைனஸ் வரும், அது உங்க தப்பு எங்க தப்பு இல்ல. தப்புன்னா வழக்கமா யூனிட் தப்பு தான், படிவத்துல ஆயிரத்துல எழுது, லட்சத்துல எழுதுன்னு இருக்கும், நாங்க முழு நம்பரா அடிச்சிடுவோம், இல்ல டன்னுக்கு பதில் கிலோ.

ஒளிக்கறதும் உண்டு, மறுக்கல. முதலாளிங்களுக்கு இது வரி ஆபீசுக்கு போகுமோன்னு தான் பயம். சட்டத்துல இந்த விவரத்த புள்ளிவிவரத்துக்கு மட்டும் தான் யூஸ் பண்ணனும்னு இருக்குன்னு நான் சொன்னா "அவங்க சொல்வாங்கப்பா"ம்பாரு. அதனால பெரும்பாலும் என்ன நடக்கும்னா வரிக்கு குடுத்த அதே நம்பர இங்கயும் குடுப்போம், ரெண்டும் ஒத்துப் போகணும்ல.

---

படிவக்காரர் எழுதியது:

பேரேடு சார் சொன்னது அத்தனையும் உண்மை. ஒண்ணு மட்டும் சேர்க்கறேன், ரகசியம் காக்கறது சும்மா பேச்சு இல்ல, இந்தியாவுல 2008 புள்ளிவிவர சேகரிப்பு சட்டத்துலயும் இருக்கு, அமெரிக்காவுல அந்த விவரத்த வெளிய விட்ட ஊழியருக்கு 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 2,50,000 டாலர் வரைக்கும் அபராதம்னு சட்டம். வெளியிடற டேபிள்ல சில கட்டம் காலியா இருக்கும் பாத்திருப்பீங்க, அந்த தொழில்ல அந்த இடத்துல ஒண்ணு ரெண்டு கம்பெனி தான் இருந்தா மொத்தத்த போட்டாலே யாரோட நம்பர்னு தெரிஞ்சுடும். அத மட்டும் மறைச்சாலும் கழிச்சுப் பாத்து கண்டுபிடிச்சிடலாம்ங்கறதால பக்கத்துல இருக்குற பாவப்பட்ட இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைப்பாங்க.

ஏஎஸ்ஐ பத்தி வேற ரெண்டு விஷயம், யாரும் சொல்லித் தர மாட்டாங்க. முதல்ல, ஒரு ரெக்கார்டு ஒரு ஃபேக்டரின்னு நினைச்சுக்காத. ஒரே மாநிலத்துல ஒரே தொழில்ல ஒரே ஓனருக்கு ரெண்டு மூணு ஃபேக்டரி இருந்து, அது எல்லாம் முழுசா எடுக்குற பிரிவுல இருந்தா, சேர்த்து ஒரே படிவமா குடுக்க அனுமதி உண்டு. எத்தனை யூனிட்டுக்கு சேர்த்து குடுத்ததுன்னு ஒரு கட்டம் இருக்கும், அத பாக்காம விட்டா "பெரிய ஃபேக்டரி"ன்னு நீ நினைக்கறது நாலு நடுத்தர ஃபேக்டரியா இருக்கும்.

அடுத்து, இது இன்னும் மோசம். ஆள் எண்ணிக்கைன்னு இருக்குற சராசரிய எப்படி போடறாங்கன்னா, வருஷத்துல மொத்தம் வேலை பாத்த ஆள்-நாள (ஒரு ஆள் ஒரு நாள் பாத்த வேலை ஒரு ஆள்-நாள்), ஃபேக்டரி ஓடின நாளால வகுக்கறது. வருஷம் 365 நாளால இல்ல, ஓடின நாளால. சர்க்கரை ஆலை மாதிரி சீசன்ல மட்டும் ஓடறத யோசிச்சுப் பாரு. 150 நாள் ஓடி 300 பேர் வேலை பாத்தாங்கன்னா டேட்டாவுல 300 பேர். வருஷம் முழுக்க 300 நாள் ஓடின இன்னொரு ஃபேக்டரிலயும் 300 பேர். ரெண்டும் ஒரே உழைப்பா? பாதிக்கு பாதி. ஆள் ஒருத்தருக்கு உற்பத்தின்னு வகுத்தா சீசன் ஃபேக்டரி திறமை இல்லாததா தெரியும். ஆள் எண்ணிக்கைய விட்டுட்டு ஆள்-நாள எடு, அது டேட்டாவுலயே தனியா இருக்கு.

---

சிதறல்_வரைபடம் எழுதியது:

ஐயோ சார், என் மாடல்ல ஆள் எண்ணிக்கை தான் போட்டிருந்தேன், இப்பவே மாத்தறேன். எல்லாருக்கும் பெரிய நன்றி. பேரேடு சார் கேட்ட மூலதன கேள்விக்கு: வழக்கமா முதல் வருஷ புத்தக மதிப்ப ஒரு ஆரம்ப புள்ளியா வச்சு, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதுசா வாங்கினத விலைவாசி கழிச்சு கூட்டி, ஒரு ஊகிச்ச தேய்மானத்த கழிச்சுக்கிட்டே வருவாங்க. நடுவுல ஒரு வருஷம் ஃபேக்டரி காணாம போனா சங்கிலி அறுந்துடும், அதனால தான் காணாம போற விஷயம் எனக்கு இவ்ளோ வலிக்குது. வாடகைய ஒரு வட்டி விகிதத்தால வகுத்து மூலதனத்தோட சேர்க்கறவங்களும் இருக்காங்க, எனக்கே அது கொஞ்சம் மாயமா தான் இருக்கு.

இன்னும் ரெண்டு டவுட். சாம்பிள் ரெக்கார்டோட வர்ற பெருக்கல் எண்ணை (அந்த ஒரு ரெக்கார்டு எத்தனை ஃபேக்டரிக்கு பதிலா நிக்குதுங்கற எண்) எப்போ போடணும், எப்போ விடணும்? அப்புறம் எல்லாமே விற்பனை மதிப்புல இருக்கே, விலை அதிகமா வச்சு விக்கறவன் திறமைசாலியா தெரிய மாட்டானா?

---

எச்சம்_டிஎஃப்பி எழுதியது:

பெருக்கல் எண்: நாட்டோட சிதறல் எவ்ளோ, சராசரி எவ்ளோன்னு சொல்றப்போ கட்டாயம் போடணும், இல்லன்னா பெரிய ஃபேக்டரிங்க முழுசாவும் சின்னது துளியாவும் இருக்குற ஒரு கற்பனை நாட்ட பத்தி எழுதிட்டு இருப்பீங்க. ஒரே ஃபேக்டரிய வருஷ வருஷம் தொடர்ந்து பாக்குற கணக்குக்கு அந்த எண் அவ்ளோ உதவாது, ஏன்னா அது ஒரு வருஷத்து சாம்பிளுக்கு போட்டது. அங்க நான் பண்றது, வருஷா வருஷம் முழுசா எடுக்குற பெரிய ஃபேக்டரிகள மட்டும் வச்சு ஓட்டறது, கூடவே இது பெரியவங்க கதை மட்டும் தான்னு வெளிப்படையா எழுதிடறது. மூடின ஃபேக்டரிகள பத்தி பேசணும்னா நிலைமை குறியீட்ட பாருங்க, இயங்குதா, மூடிடுச்சா, பதில் தரலையான்னு பிரிச்சிருக்கும். சும்மா அடுத்த வருஷம் இல்லன்னு மூடினதா எண்ணாதீங்க.

விலை விஷயம், ஆமா, சந்தேகம் சரி. சந்தைல தனிக்காட்டு ராஜாவா இருக்குறவன் விலைய ஏத்தி வச்சா அது அப்படியே "திறமை"யா பதிவாகும். பண மதிப்புல அளக்கற திறனும் டன் கணக்குல அளக்கற திறனும் ஒண்ணு இல்ல, புது ஃபேக்டரிங்க பெரும்பாலும் விலைய கம்மியா வச்சு தான் சந்தைக்குள்ள வரும், பண மதிப்புல பாத்தா அதுங்க மட்டமா தெரியும், டன்னுல பாத்தா நல்லாவே இருக்கும். இதுக்கு அளவும் மதிப்பும் ரெண்டும் தனித்தனியா பொருள் வாரியா இருக்குற டேட்டா வேணும். ஏஎஸ்ஐல இருக்கு, கொலம்பியாவோட வருஷாந்திர சர்வேலயும் இருக்கு, அதான் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு கொலம்பியா இவ்ளோ பிரபலம். ஆனா பேரேடு சார் சொன்ன டன்-கிலோ தப்பு அங்க தான் உங்கள கொல்லும், பொருளுக்கு பொருள் ஒரு யூனிட் விலைய போட்டு, ஆயிரம் மடங்கு தள்ளி நிக்கறத முதல்ல பிடிங்க. சிமெண்ட், செங்கல் மாதிரி ஒரே மாதிரி இருக்குற பொருள்ல மட்டும் பண்ணுங்க, மெஷின் பண்றவன டன்னுல அளந்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

---

குறுக்குக்கேள்வி எழுதியது:

சரி நான் பேலன்ஸ் ஷீட் பேச்ச வாபஸ் வாங்கிக்கறேன். ஒரு விஷயம் மட்டும், வருஷ வரிசைல தொழில் வகைப்பாடு மாறுறத யாரும் சொல்லலையே? யூஎன் போட்ட சர்வதேச தொழில் வகைப்பாட்டோட மூணாவது பதிப்புல புத்தக பதிப்பு வேலை உற்பத்தித் துறைக்குள்ள இருந்துச்சு, 2008ல வந்த நாலாவது பதிப்புல அது தகவல் துறைக்கு போயிடுச்சு, மறுசுழற்சியும் கழிவு மேலாண்மை பக்கம் போச்சு. நான் ஒரு தடவ ஒரு நாட்டோட அச்சுத் தொழில் பாதியா சரிஞ்சுடுச்சுன்னு ஒருத்தர் கிராஃப் போட்டத பாத்தேன், சரிஞ்சது தொழில் இல்ல, மாறினது வகைப்பாட்டு கோட் நம்பர்.

---

எச்சம்_டிஎஃப்பி எழுதியது:

நல்ல பாயிண்ட். 2023ல அஞ்சாவது பதிப்புக்கும் ஒப்புதல் ஆகியாச்சு, ஒவ்வொரு நாடும் அதுக்கு வேற வேற வருஷத்துல மாறும், இனிமே வர்றவங்களுக்கு இதே வேலை இன்னொரு ரவுண்டு. ரெண்டு இலக்கத்துல ஒப்பிடறது தான் சேஃப், நாலு இலக்கத்துல போனா ஒண்ணு ரெண்டா பிரிஞ்சிருக்கும், ரெண்டு ஒண்ணா சேர்ந்திருக்கும்.

---

சிதறல்_வரைபடம் எழுதியது:

இப்போ என் பிளான் இது, தப்புன்னா சொல்லுங்க. மூணு நாட்டுலயும் 20 பேருக்கு மேல இருக்கறத மட்டும் எடுக்கறேன். ஏஎஸ்ஐல சேர்த்து குடுத்த படிவங்கள தூக்கிடறேன். உழைப்புக்கு ஏஎஸ்ஐல ஆள்-நாள். ஒரே விகிதம் திரும்ப வர்ற ரெக்கார்டுங்க இல்லாம ஒரு தடவ, இருந்து ஒரு தடவ. வெட்டு 0ல இருந்து 5 வரைக்கும் போட்டு ஒரு டேபிள். கைடு கிட்ட இந்த த்ரெட்டையே காட்டிடலாம்னு இருக்கேன்.

---

படிவக்காரர் எழுதியது:

கைடு கிட்ட காட்டு, பாவம் அவரும் தெரிஞ்சுக்கட்டும்.

20 பேர்ங்கறதுல ஒரு சிக்கல். ஒவ்வொரு வருஷமும் தனித்தனியா 20க்கு மேலன்னு வெட்டினா நான் முதல்ல சொன்ன 21-19 கதைய நீயே மறுபடி உருவாக்கற. ஃபேக்டரி டேட்டாவுல இருக்குற எல்லா வருஷத்தோட சராசரி 20க்கு மேல இருந்தா உள்ள விடு, ஒரு வருஷம் 18 ஆனாலும் விட்டுடு. இந்தோனேசியாவுல 20க்கு கீழ போனா அவங்களே வெளிய தள்ளிடுவாங்க, அந்தப் பக்கம் ஒண்ணும் பண்ண முடியாது, அதனால உள்ள வர்றது வெளிய போறது பத்தின ரிசல்ட்ட மூணு நாட்டுக்கும் சேர்த்து போடாத, இந்தியாவுக்கும் சிலிக்கும் மட்டும் போடு. அங்கயும் 20க்கு மேல வெட்டறியே, அத 10ல இருந்து பாத்து ஒரு தடவ செக் பண்ணு.

அப்புறம் வருஷம். ஏஎஸ்ஐல 2010-11ன்னா ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும், சிலி, இந்தோனேசியா ரெண்டும் ஜனவரில இருந்து டிசம்பர். விலைவாசி கழிக்கறப்போ ஏஎஸ்ஐக்கு மாதாந்திர குறியீட்ட ஏப்ரல்-மார்ச்சுக்கு சராசரி பண்ணி போடு, வருஷ சராசரிய அப்படியே ஒட்டாத. அதுலயும் எல்லா கம்பெனியும் மார்ச்ல கணக்கு முடிக்கறது இல்ல, கணக்கு முடிச்ச தேதிய பாத்துட்டு தள்ளி நிக்கறத தனியா எடுத்து வச்சுக்கோ.

---

பேரேடு எழுதியது:

எங்க கம்பெனி ஒரு வருஷம் கணக்கு முடிக்கற மாசத்த மாத்தி 15 மாசத்துக்கு ஒரே பேலன்ஸ் ஷீட் போட்டுச்சு. அந்த வருஷம் படிவத்துல 15 மாச நம்பரா 12 மாச நம்பரான்னு கேட்டு நான் எழுதின லெட்டருக்கு இன்னும் பதில் வரல. எங்க உற்பத்தித்திறன் அந்த வருஷம் பிரமாதமா இருக்கும், பாத்தீங்கன்னா விட்டுடுங்க.

---

சிதறல்_வரைபடம் எழுதியது:

😂 ஆள்-நாளும் சேர்ந்து 25 சதவீதம் ஏறியிருந்தா உங்க கம்பெனின்னு கண்டுபிடிச்சிடுவேன் சார். ஓடின நாள் 365க்கு மேல இருக்குற ரெக்கார்டு இருக்கான்னு இப்போ செக் பண்ண போறேன்.